ஒன்று தவறினால் இன்னொன்று: பண்டை எகிப்தியரின் மறுமை ஏற்பாடுகள் (கேள்வி பதில்)

கேள்வி: உயிர் பிரிந்த பிறகு உடலைக் காப்பதற்கு எகிப்தியர் ஏன் இத்தனை பாடுபட்டார்கள்?

பதில்: உயிர் என்பது ஒன்றே, அது போனால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் அவர்களிடம் இல்லை. மனிதருக்குள் பல கூறுகள் இருப்பதாகவும், இறப்பு அவற்றைப் பிரித்துவிடுவதாகவும் நம்பினார்கள். அவற்றுள் ‘கா’ என்பது உணவால் நிலைக்கும் உயிராற்றல். அது கல்லறையில் படையலை ஏற்கும். ‘பா’ மனிதத் தலையுடைய பறவையாகப் பகலில் வெளியே சென்று, இரவில் தன் உடலைத் தேடித் திரும்பும். தங்குவதற்கு உடல் இல்லாவிட்டால் அதற்குப் புகலிடம் இல்லை. எவ்வளவு காத்தாலும் உடல் அழியக்கூடும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே உடலுக்கு மாற்றாகச் சிலையையும், சிலைக்குத் துணையாகக் கல்லில் வெட்டிய பெயரையும் வைத்தார்கள். ஒன்று தவறினால் இன்னொன்று தாங்கும் என்ற இந்த ஏற்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், அவர்களுடைய ஈமச் சடங்குகளில் பெரும்பாலானவை விளங்கிவிடும் என்பது என் கருத்து.

கேள்வி: பதப்படுத்தும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா, ஐயா?

பதில்: புதிய அரசுக் காலத்தில், அதாவது ஏறத்தாழ கி.மு. 1550 முதல் 1070 வரை, வசதி படைத்தவர்களுக்குச் செய்யப்பட்ட முறையைச் சொல்கிறேன். வேலை முழுவதும் முடிய வழக்கமாக 70 நாள் ஆகும். முதலில் வளைந்த உலோகக் கம்பியை மூக்கின் வழியே செலுத்தி மூளையை வெளியேற்றினார்கள். மூளைக்கு அவர்கள் எந்தப் பெருமையும் தராததால் அதை எடுத்து வைக்கவில்லை. பிறகு வயிற்றின் இடப்புறம் கீறி, கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்து, தனித்தனியே உலர்த்தி, நான்கு குடுவைகளில் இட்டார்கள். சிந்தனைக்கும் நினைவுக்கும் இருப்பிடமாகக் கருதப்பட்ட இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டுவைத்தார்கள்.

அடுத்து, ஏறத்தாழ 40 நாள் உடல் நேட்ரானால் மூடிக் கிடக்கும். சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த இந்த உப்பு, வாடி எல் நட்ரூன் பள்ளத்தாக்கின் ஏரிகளில் கிடைத்தது. ஈரத்தை உறிஞ்சி, கொழுப்பையும் சிதைப்பது இதன் குணம். உடலை உப்புக் கரைசலில் ஊறவைத்தார்கள் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். உண்மையில் உலர்ந்த உப்பைத்தான் உடலின் உள்ளும் புறமும் குவித்தார்கள். இறுதியாக எண்ணெயும் பிசினும் பூசி, இடையிடையே தாயத்துகளை வைத்து, லினன் பட்டைகளால் சுற்றினார்கள். அந்தத் துணியும் எப்போதும் புதிதாக நெய்யப்பட்டதன்று. வீட்டில் பயன்படுத்திய போர்வைகளையும் உடைகளையும் பட்டை பட்டையாகக் கிழித்துச் சுற்றிய மம்மிகள் ஏராளம். சிலவற்றில் ஒட்டுப் போட்ட இடமும் ஓரத் தையலும்கூட அப்படியே தெரிகின்றன.

கேள்வி: ராம்செஸ் மன்னரின் மூக்கில் மிளகு இருந்தது உண்மையா?

பதில்: உண்மைதான். கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்செஸின் மம்மியைப் பூஞ்சை தாக்கியதால், 1976இல் அதைப் பாரிசுக்குக் கொண்டுசென்று சீர்செய்தார்கள். அந்த மம்மியின் மூக்கினுள் மிளகு வைக்கப்பட்டிருந்தது. மிளகுக் கொடியின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி என்பதால் நமக்கு இந்தச் செய்தி மகிழ்ச்சி தருவது இயல்பே. ஆயினும் சில மணிகளைக் கொண்டு, அக்காலத்திலேயே இரு நாடுகளுக்கும் நேரடி வணிகம் நடந்தது என்று முடிவுகட்டுவது சரியன்று. பல கைகள் மாறியும் அது சென்றிருக்கலாம்.

கேள்வி: இறந்தவரின் இதயத்தைத் தராசில் நிறுத்து மறுமைத் தீர்ப்பு வழங்கும் ஓவியங்களில் எல்லோரும் தேறிவிடுகிறார்களே, அது எப்படி?

பதில்: மிக நல்ல கேள்வி. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, ஏறத்தாழ கி.மு. 1250ஐச் சேர்ந்த அனி என்ற எழுத்தரின் பாபைரஸ் (நாணல் தாள்) சுருளைப் பாருங்கள். ஒரு தட்டில் அவருடைய இதயம், மறு தட்டில் நீதியின் வடிவான மாஅத்தின் இறகு. நரித்தலைத் தெய்வமான அனுபிஸ் தராசைச் சரிபார்க்க, எழுத்தின் தெய்வமான தோத் எழுதுகோலுடன் நிற்கிறார். முதலைத் தலையும், சிங்கத்தின் முன்னுடலும், நீர்யானையின் பின்னுடலும் கொண்ட அம்மித், தோற்ற இதயத்தை விழுங்கக் காத்திருக்கிறது. தட்டுகள் சமமாக நிற்கின்றன, அதாவது அனி தேறிவிட்டார்.

இந்தச் சுருள்கள் இறந்தவருக்காகப் பொருள் கொடுத்து வாங்கப்பட்டவை. பெயருக்கு மட்டும் இடம் விட்டு முன்கூட்டியே எழுதி வைத்தவையும் உண்டு. எழுதியதும் வரைந்ததும் மெய்யாகும் என்று நம்பிய சமூகம் தோல்வியை எப்படி வரையும்? இங்கும் மாற்று ஏற்பாட்டைக் காணலாம். இதயம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அஞ்சி, ‘எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே’ என்று அதனிடம் வேண்டும் மந்திரத்தை வண்டு வடிவக் கல்லில் பொறித்து மார்பின் மேல் வைத்தார்கள். இதனால் அவர்களுக்கு அறம் பொருட்டில்லை என்று கொள்ளக் கூடாது. அதே சுருள்களில், குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, தராசில் பொய் எடை காட்டவில்லை, பாயும் நீரை அதன் பருவத்தில் தடுக்கவில்லை என்று இறந்தவர் அறிவிக்கிறார். நைலை நம்பி உழுத மக்களின் மனச்சான்று அந்த வரிகளில் தெளிவாகப் பேசுகிறது.

கேள்வி: மன்னர்களோடு பணியாட்களையும் கொன்று புதைத்தார்களா?

பதில்: முதல் அரசமரபில் (ஏறத்தாழ கி.மு. 3000) அப்படி நடந்ததாகவே, அம்மன்னர்களின் இடுகாடான அபிடோஸில் நடந்த அகழாய்வுகள் காட்டுகின்றன, ஜெர் மன்னரின் கல்லறையைச் சுற்றி 300க்கும் மேற்பட்ட துணைக் கல்லறைகள் உள்ளன. அந்த மரபுடன் அவ்வழக்கம் மறைந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, மறுமையின் வயல்களில் வேலைக்கு அழைக்கும்போது ‘இதோ இருக்கிறேன்’ என்று பதில் சொல்ல உஷப்தி எனும் சிறு பொம்மைகள் வந்தன. புதிய அரசுக் கால மன்னர் தூத்தன்காமுனுக்கு 413 பொம்மைகள் வைக்கப்பட்டன: நாளுக்கு ஒன்றாக 365, அவற்றை மேய்க்க 36 கண்காணிகள், மாதத்துக்கு ஒருவராக மேலும் 12 பேர்.

கேள்வி: ஏழைகளுக்கு என்ன செய்தார்கள்?

பதில்: பாயில் சுருட்டி மணலில் புதைத்தார்கள். சூடான மணலே பல உடல்களை உலர்த்திக் காத்தது.

கேள்வி: இவ்வளவு நம்பிக்கை இருந்தும் கல்லறைகளை எகிப்தியரே கொள்ளையடித்தது ஏன்?

பதில்: நம்பிக்கை எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்பதாம் ராம்செஸ் காலத்து விசாரணைப் பாபைரஸில் அமென்பனூஃபர் என்ற கல்தச்சரின் வாக்குமூலம் உள்ளது. சொபெகெம்சாஃப் மன்னரின் மம்மியிலிருந்து பொன்னை உரித்தெடுத்துவிட்டுப் பெட்டிகளுக்குத் தீ வைத்ததாக அவரே கூறுகிறார். பிடிபட்டபோது தன் பங்கான 20 தெபென் பொன்னை (ஏறத்தாழ 1.8 கிலோ) அதிகாரிக்குக் கொடுத்து வெளியே வந்து, மறுபடியும் அதே தொழிலுக்குப் போயிருக்கிறார். பின்னாளில் பூசாரிகள் மன்னர்கள் பலரின் உடல்களை மீண்டும் சுற்றி, நைலின் மேற்குக் கரையில் டெய்ர் எல் பஹ்ரி அருகே ஒரு மறைவிடத்தில் சேர்த்து வைத்தார்கள். அது 1881இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

கேள்வி: பிள்ளைகள் படையலை நிறுத்திவிட்டால் இறந்தவர் பட்டினி கிடப்பாரா?

பதில்: அந்த அச்சம் அவர்களுக்கு இருந்தது. அதனால்தான் ரொட்டியும் பீரும் இறைச்சியும் சுவரில் செதுக்கப்பட்டன. அவ்வழியே போகும் அந்நியரை அழைத்து, ‘ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர்’ என்று வாயால் சொன்னாலே போதும் என்று வேண்டும் கல்வெட்டுகளும் உண்டு. உறவு அறுந்துவிடவில்லை என்பதற்கு, இறந்தவர்களுக்கு எழுதிய கடிதங்கள் இன்னும் வலுவான சான்று. படையல் கிண்ணத்திலேயே எழுதி வைத்தவர்களும் இருந்தார்கள். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் உள்ள ஒரு பாபைரஸில், மனைவியை இழந்த ஒருவர் அவளுக்கே எழுதுகிறார்: உன்னை நன்றாகத்தானே வைத்திருந்தேன், நோயுற்றபோது மருத்துவரை அழைத்தேன், அடக்கத்துக்கு நல்ல துணி கொடுத்தேன், பிறகு ஏன் எனக்குத் துன்பம் தருகிறாய் என்று முறையிட்டு, தெய்வங்களின் முன் அவள்மீது வழக்குத் தொடுக்கப்போவதாகவும் சொல்கிறார்.