வேலை ஓட்டப் படத்திலிருந்து ஓர் ஆவணத்தின் வாழ்க்கைச் சுழற்சியை எடுப்பது எப்படி?

ஓர் ஆவணம் உருவானதிலிருந்து முடியும்வரை எந்தெந்த நிலைகளைக் கடக்கலாம் என்பதே அதன் வாழ்க்கைச் சுழற்சி. ஒவ்வொரு வேலையும் ஆவணத்தை ஒரு நிலையில் வாங்கி இன்னொரு நிலையில் விடுவதால், எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று காட்டும் வேலை ஓட்டப் படத்திலேயே இந்தச் சுழற்சி ஒளிந்திருக்கிறது. வாங்கிய நிலை, விட்ட நிலை என்ற அந்த ஜோடிகளைக் கோத்தால் சரி.

காசிமேட்டில் ஒரு மீன் கூடையை ஆவணமாக நினைத்துப் பாருங்கள். படகிலிருந்து இறங்கியது, ஏலம் போனது, ஐஸ் போட்டது, வண்டி ஏறியது. ஏலக்காரர், ஐஸ் உடைப்பவர் எல்லோரையும் மறந்துவிட்டு, கூடையின் பின்னாலேயே போங்கள். விலை படியாத கூடை? அது கருவாட்டுக்குப் போகும் என்றால் அங்கே ஒரு கிளை. எங்குமே போகவில்லையா, அப்போது படத்தில் ஏதோ ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடும்.

படத்திலுள்ள ஒவ்வொரு வேலையும் ஒரு நிலையாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஏலப் பணத்தை எத்தனை முறை எண்ணினாலும் கூடையின் நிலை மாறாது.