இடையில் விலகும் நண்பரின் முன்பணம்

வல்லத்தில் நால்வர் சேர்ந்து எடுத்த வீட்டிலிருந்து ஒருவர் படிப்பின் நடுவே விலகுவதால், அவருடைய பங்கு முன்பணத்தை உரிமையாளர் இப்போதே தர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தம் உங்கள் ஒருவர் பெயரில் இருப்பதால், வீடு முழுவதும் காலியாகும்வரை உரிமையாளர் அத்தொகையை வைத்துக்கொள்வதில் தவறில்லை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், வீட்டைக் காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், நிலுவையைக் கழித்துக்கொண்டு திருப்பித் தரவே சொல்கிறது. ஆகவே, புதிதாக வருபவர் அந்தப் பங்கை விலகுபவரிடமே கொடுத்து, எல்லோரும் கையொப்பமிட்ட சீட்டு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளலாம்; ஆனால், அவரைச் சேர்ப்பதற்குமுன் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். மாணவர் வீடுகளில் சண்டை மின்கட்டணத்திலும் தொடங்கலாம். கணக்கெடுப்பு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையே நடப்பதால், நண்பர் கிளம்பும் நாளன்று மீட்டர் அளவைப் படமெடுத்து வைத்து, அவர் பங்கை அன்றே வாங்கிவிடுங்கள்.