திருத்தித் தருவீங்களா அக்கா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

புதுசா எழுதுறவங்க கதையை வாசிச்சுத் திருத்த உதவி பண்றேன்னு எழுதியிருந்தீங்க. நான் பட்டர்வொர்த்துல இருக்கேன், பக்கத்து ஊரு பிறையில ஃபேக்டரி வேலை, நைட் ஷிஃப்ட் பிரேக்ல போன்லதான் எழுதுவேன். ஒரு தடவை ஒரு கூட்டத்துல என் கதையை வாசிச்சேன், ஒருத்தர் எழுந்து "இது கதையே இல்ல"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. அதோட எழுதுறதையே விட்டுட்டேன். இப்போ எங்கப்பாவை வச்சு ஒண்ணு எழுதி இதோட அனுப்பியிருக்கேன். நீங்க கை வச்சா அது என் கதையாவே இருக்குமா, இல்ல உங்க கதை மாதிரி ஆயிடுமா? எவ்வளவு காசு கட்டணும்? கதையைப் பத்தி நீங்க வெளியில எழுதினாலும் பரவால்ல, பேர் மட்டும் வேணாம்.

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள தங்கச்சி,

காசெல்லாம் ஒண்ணும் வேணாம். அந்தக் காலத்துல நம்ம மலேசியாவுல இதை யாரும் காசுக்குச் செய்யல, 1950ல தமிழ் நேசன் பத்திரிகையில சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்புன்னே ஒண்ணு நடத்துனாங்க, கதை எழுத ஆசைப்பட்டவங்களுக்குப் பத்திரிகையிலயே பாடம் சொல்லிக் கொடுத்தாங்க, அதுல எழுதிப் பழகுனவங்க பின்னாடி நம்ம இலக்கியத்துல பேர் சொல்ற மாதிரி வந்தாங்க. 1924ல தொடங்குன அந்தப் பத்திரிகையே 2019ல நின்னுபோச்சு. இன்னிக்குப் புதுசா எழுதுற ஒருத்தருக்கு, கதையை வாங்கி நிதானமா வாசிச்சு "இந்த எடத்துல எனக்குப் புரியல"ன்னு சொல்ல ஆள் கிடைக்கிறதே பெரிய பாடா இருக்கு. எனக்கு அது ரொம்ப மனசு வலிக்கிற விஷயம், அதனாலதான் இதுல எறங்கினேன்.

அந்தக் கூட்டத்துல எழுந்து பேசினவரு எந்த வரியில கதை விழுந்துச்சுன்னு சொல்லலையே. எடத்தைக் காட்டாம சொல்ற எதையும் எழுதுறவங்க வச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும்? விட்டுத்தள்ளுங்க. நல்லாருக்குன்னு பொதுவா சொல்றதும் அதே மாதிரிதான், அதையும் நான் சொல்ல மாட்டேன்.

உங்க கதையை ரெண்டு தடவை வாசிச்சேன். முதல் தடவை பேனாவைக் கையில எடுக்கவே இல்ல.

முதல் ரெண்டு பத்தி விடியக்காலை வர்ணனை, சூரியன் கடல்லேர்ந்து எழும்புது, படகெல்லாம் பொன்னிறமா மின்னுது. தங்கச்சி, பட்டர்வொர்த்துல கடல் மேற்குப் பக்கம், பினாங்குத் தீவைப் பார்த்தாப்புல இருக்கு. சூரியன் அங்க மறையும், எழும்பாது. இது தமிழ்நாட்டுக் கதைங்கள்லேர்ந்து வந்த விடியல்னு நினைக்கிறேன், அங்க கிழக்குக் கரையில கடல்லதான் விடியும். உங்க பிளாட் படிக்கட்டுல நின்னு பார்த்தா விடியறப்ப நிஜமா என்ன தெரியுதோ அதை எழுதுங்க. இல்லாட்டி அந்த ரெண்டு பத்தியையும் எடுத்துட்டு, அப்பா இருட்டுல எழுந்து தண்ணி சுட வைக்கிற எடத்துலயே தொடங்கிடுங்க. அங்கதான் நான் கதைக்குள்ள போனேன்.

நடுவுல, ரப்பர் தோட்டத்துல இருந்தப்போ அப்பா உச்சி வெயில்ல மரம் வெட்டிக்கிட்டு, அதாவது பால் வடியப் பட்டையைச் சீவிக்கிட்டு இருந்ததா எழுதியிருக்கீங்க. மரம் வெட்டுறது விடியறதுக்கு முன்னாடியே தொடங்கிடும், தலையில விளக்கைக் கட்டிக்கிட்டுப் போவாங்க, வெயில் ஏறினா பால் ஓட்டம் கொறைஞ்சிடும். வெயில் நேரத்துல மங்குல, அதான் பால் வடியுற கிண்ணத்துல, நெறைஞ்ச பாலை வாளியில ஊத்தி ஸ்டோருக்குக் கொண்டுபோய் எடை போட்டுக்கிட்டு இருப்பாரு. நீங்க பிளாட்ல பொறந்து வளந்தவங்க, இது தெரியாததுல தப்பே இல்ல, ஆனா கேக்குறதுக்கு அப்பா வீட்டுலயே இருக்காரே.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம். மூணாவது பக்கத்துல போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க: "ராத்திரி மழை பேஞ்சா அப்பா இன்னமும் எழுந்து கதவைத் திறந்து பாப்பாரு." அங்க நான் வாசிக்கிறதை நிறுத்திட்டேன். மழை பேஞ்சு பட்டை நனைஞ்சிடுச்சுன்னா அன்னிக்கு வெட்டு இல்ல, வெட்டு இல்லாட்டி அன்னிக்குச் சம்பளம் போச்சு. தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் ஒரு மனுஷன் மழைச் சத்தத்துக்கு முழிச்சுக்கிறாரு, நீங்க அதைக் கண்ணால பார்த்திருக்கீங்க, பார்த்துட்டு ஒரே வரியில தாண்டிப் போயிட்டீங்க. அப்பாகிட்ட உக்காந்து கேளுங்க. தொடர்ந்து நாலஞ்சு நாள் மழைன்னா வீட்டுல என்ன சமைச்சாங்க, கடையில யார் போய்க் கடன் சொன்னது, ஆத்தா என்ன சொல்லுவாங்க, அவரு படுத்தே இருப்பாரா வாசல்ல வந்து உக்காருவாரா. அவரு சொல்ற எல்லாத்தையும் கதையில போடணும்னு இல்ல, உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாப் போதும், எழுதறப்ப தானா வந்துடும்.

கடைசிப் பத்தியில "இழந்த மண்ணின் வலி அவர் நெஞ்சில் ஆறாத ரணமாய்"னு போகுது. அதைச் சிவப்புல சுழிச்சிருக்கேன். அந்த மழை வரி அதையெல்லாம் ஏற்கெனவே எனக்குச் சொல்லிடுச்சு.

உங்க பயத்துக்கு வர்றேன். நான் எந்த வரியையும் மாத்தி எழுதித் தர மாட்டேன். எழுத்துப் பிழை, சந்திப் பிழையை நேரா திருத்தியிருக்கேன், மத்ததெல்லாம் ஓரத்துல கேள்வியாத்தான் இருக்கும். அதுக்குப் பதில் உங்ககிட்டதான் இருக்கு, என்கிட்ட இல்ல, அதனால கதை என் பக்கம் சாய வழியே இல்ல. ஒரு கேள்வி உங்களுக்கு ஒத்து வரலன்னா அப்படியே விட்டுடுங்க, ஏன் விட்டீங்கன்னு மனசுக்குள்ள ஒரு காரணம் இருந்தாச் சரி. வீட்டுல அப்பா பேசுற பேச்சை அப்படியே வச்சிருக்கீங்க, அதுல ஒரு எழுத்தையும் நான் தொடல.

ஒண்ணு மட்டும் கறாராச் சொல்லிடறேன், பத்திரிகைக்குச் சிபாரிசு பண்றது, போட்டி நடுவர்கிட்ட பேசுறது, இதெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. கதை சரியா வந்துச்சுன்னா நீங்களே அனுப்புங்க, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்துற சிறுகதைப் போட்டி மாதிரி எடங்கள் இருக்கு. ஆனா இப்போதைக்குப் போட்டியை மனசுல வச்சுக்கிட்டு எழுத வேணாம், முடிவு தேதியைப் பார்த்து ஓடினா அந்த மழை எடத்தை மறுபடியும் ஒரே வரியில தாண்டிடுவீங்க.

குறிப்போட கதையை மெயில்ல அனுப்பிட்டேன். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்த கையோட திறக்காதீங்க, நல்லாத் தூங்கி எழுந்து பசியாறிட்டுப் பாருங்க. அப்பாகிட்ட பேசினதும் ரெண்டாவது வடிவத்தை அனுப்புங்க, எத்தனை நாள் ஆனாலும் சரி. ஏதாச்சும் குறிப்பு புரியலன்னா ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல கூப்பிடுங்க, வீட்டுலதான் இருப்பேன்.

அன்புடன்,
அக்கா
செந்தூல், கோலாலம்பூர்