ஊசித் துளையைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: வேளச்சேரியிலிருந்து கிண்டியில் உள்ள அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் செல்கிறேன். போன ஆண்டு 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்லி 2,400 ரூபாய்க்கு ஒரு ரெயின்கோட் கொடுத்தார்கள். தோளும் மடியும் நனைந்துவிடுகின்றன. போட்டுக்கொண்டால் உர மூட்டை போலவும் தெரிகிறது. வாரத்தில் இரண்டு நாள் சேலை கட்டியாக வேண்டும். நனையாமலும் லட்சணமாகவும் போய்ச்சேர வழி உண்டா?

பதில்: கடையில் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். விற்பனையாளர் கோட்டின் முதுகை விரித்து ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றியிருப்பார். முத்து முத்தாக உருண்டிருக்கும். நீங்கள் பணத்தை எடுத்திருப்பீர்கள். தாமரை இலைபோல் நீரை உருட்டுகிற அந்த மேல்பூச்சு சலவைக்குச் சலவை தேயும். அது இருந்தாலும் மழை உள்ளே வரும், ஊசி குத்திய துளை வழியாக. 1823-இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் சார்லஸ் மேக்கின்டாஷ் ரப்பர் வைத்த துணிக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலேயே, தையற்காரர் ஊசி போட்ட இடமெல்லாம் ஒழுகியது. இருநூறு ஆண்டுகள் கழித்து அதே ஓட்டையை நமக்குப் பளபளப்பான பையில் போட்டுத் தருகிறார்கள்.

ஆகவே கோட்டை உள்பக்கமாகத் திருப்புங்கள். தோள், அக்குள், தலைமூடி, பேன்ட்டில் தொடைகள் சேரும் இடம், எல்லாத் தையலின் மேலும் விரல் அகலத்துக்கு டேப் ஒட்டியிருக்க வேண்டும். தோளில் மட்டும் ஒட்டிவிட்டு மற்றதை விடுவது பழைய தந்திரம். டம்ளர் வித்தையைத் தையலின் மேல் செய்துகாட்டச் சொல்லுங்கள்: துணியைக் குழியாகப் பிடித்து, நீரை ஊற்றி, ஐந்து நிமிடம். முகம் சுளிக்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

மடி நனைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உட்கார்ந்து ஓட்டும்போது அங்கே நீர் தேங்குகிறது, உடல் அதை அழுத்துகிறது. துணிமேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் கசியும் என்று ஒரு கணக்கு உண்டு. குடை பிடித்து நடப்பவருக்கு 1,500 போதும்; ஸ்கூட்டருக்கு 5,000-க்குக் கீழே வாங்காதீர்கள். ஆனால் இந்த எண்ணை அச்சிட்ட அட்டையைக் கண்டுபிடிக்க ஊரைச் சுற்ற வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தில் சர்க்கரை எவ்வளவு என்று எழுத வைக்க முடிந்தது. ரெயின்கோட்டில் நான்கு இலக்கம் எழுத வைக்க யாருக்கும் நேரமில்லை.

'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று குவித்து விற்பவரிடம் இன்னும் கவனம். ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட கோட்டுகளைப் பரிசோதனைக் கூடத்தில் நிறையப் பார்த்தவன் நான். பல கழிக்கப்பட்டதே டேப் பிரிந்ததால்தான். 'மூச்சு விடும் துணி' என்று இரண்டு மடங்கு விலை சொன்னாலும் மயங்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வெளிக்காற்று காய்ந்திருக்க வேண்டும். நவம்பர் மாதச் சென்னையில் அது ஏது? முதுகில் மடிப்புக்கு அடியிலும் அக்குளிலும் காற்றுத் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

உர மூட்டைத் தோற்றம் ஒரே அளவில் தைத்து எல்லோருக்கும் மாட்டுவதால் வருவது. முழங்கால் வரை நீண்ட, பின்னால் பிளவுள்ள, இடையில் இழுத்துக் கட்டும் கோட்டும் தனி மழைப் பேன்ட்டும் வாங்குங்கள். பாட்டில் பச்சை, மெரூன் நன்றாக இருக்கும். முதுகில் ஒளி திருப்பும் பட்டை அவசியம். உள்ளே கணுக்காலுக்கு மேல் நிற்கும் பேன்ட்டும் பாலியஸ்டர் கிரேப் குர்தியும். ரேயான் குர்தி வேண்டாம்; நனைந்தால் வலுவிழந்து தொங்கும், காயவும் காயாது. வெளிர் நிறங்கள் நனைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அலுவலகச் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு ரப்பர் செருப்பில் போங்கள். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்கவே இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

இனி சேலை. மழை நாளில் ஜார்ஜெட் கட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் ஜார்ஜெட் கட்டிய பெண்ணும் முழங்கால் வரை ஈரமாக வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் உள்ளே இருக்கும் பருத்திப் பாவாடை. விளிம்பில் பட்ட நீரை அது விளக்குத் திரிபோல மேலே ஏற்றுகிறது. பாலியஸ்டர் அப்படி உறிஞ்சுவதில்லை. மழைக்காலத்துக்கென்று பாலியஸ்டர் சாட்டின் பாவாடை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபால்ஸும் பருத்தியாக இருந்தால் நனைந்து சுருங்கி, சேலையின் ஓரத்தை இழுத்துச் சுருக்கிவிடும், அதையும் மாற்றுங்கள். கொசுவத்தை இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டுங்கள். சேலைக்கு மேல் மழைப் பேன்ட் ஏறாது என்பதற்காகப் போர்வை போன்ற கேப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள்; அது சக்கரத்தில் சிக்கும். அன்று ரயிலிலோ பஸ்ஸிலோ போங்கள். பஸ் நிறுத்தத்துக் கூரை உங்களை நனையாமல் காக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். புயல் எச்சரிக்கை நாளிலும் 'சேலைதான்' என்று அடம்பிடிக்கும் மேலாளரை ஒரு நாள் ஸ்கூட்டர் பின்சீட்டில் உட்காரவைத்து அழைத்துப்போனால் தேவலை.

பழைய கோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். துணி நல்லதாக இருந்து தையல் மட்டும் கசிந்தால், கூடாரம், மலையேற்றச் சாமான் விற்கும் கடைகளில் தையல் அடைக்கும் பசை கிடைக்கும். உள்பக்கம் தடவி ஒரு நாள் உலரவிடுங்கள். உங்களுடையது பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பி.வி.சி. கோட் என்றால், பி.வி.சி.யில் பிடிக்கும் பசைதானா என்று கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் ஈரத்தோடு மடித்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போடாதீர்கள்; அடுத்த மழைக்கு எடுக்கும்போது உள்பூச்சு பிசுபிசுவென்று கையோடு வரும்.