முதலில் சத்தம், பிறகு நிறம்

அன்புள்ள ஐயா,

பழைய இயந்திரங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘ஓடாத இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பது ஒரு வகைச் சோம்பல்’ என்று ஒரு வரி வந்தது. அது என்னைக் குத்தியதால் இதை எழுதுகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவரின் கொட்டகையிலிருந்து ஒரு கப் கேடட் 100 தோட்ட டிராக்டரை எடுத்து வந்தேன். பத்துக் குதிரைத்திறன், கோலர் கம்பெனியின் இன்ஜின். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாலும் அசையவில்லை. இதுவரை எலிக்கூட்டை அகற்றி, மேல்மூடியைக் கழற்றி, துருவைக் கொஞ்சம் சுரண்டியிருக்கிறேன். மஞ்சளும் வெள்ளையுமாகப் பெயிண்ட் டப்பாக்கள் தயாராக இருக்கின்றன. என் அண்ணன் தினமும் வந்து பார்த்து, ‘வளர்ந்த பிள்ளைக்குப் பொம்மை’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

இதை ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல ஆக்கி நிறுத்துவதா, ஓட்டி வேலை வாங்குவதா? பிடித்துக்கொண்ட இன்ஜினை எப்படி விடுவிப்பது? இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: இதே போன்ற வேறு இரண்டு வண்டிகளின்மேல் ஏற்கெனவே கண் விழுந்துவிட்டது.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பெயிண்ட் டப்பாக்களை எடுத்துக் கண்ணில் படாத உயரத்தில் வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அந்தத் தவற்றைச் செய்தவன் நான். என் முதல் தோட்ட டிராக்டருக்கு மூன்று வாரம் உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு பூச்சுப் பெயிண்ட் அடித்தேன். பார்த்தவர்கள் புதிது என்றார்கள். அதன் பிறகுதான் இன்ஜினைக் கிளப்பினேன். கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக அமரவில்லை. பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வழிந்து, சட்டத்தின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டை உரித்தது. அதைச் சரிசெய்யப் போனபோது ஸ்பேனர் வழுக்கி மூடியில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. அடுத்த மாதம் இன்ஜினையே இறக்க வேண்டி வந்தது. எல்லாம் முடிந்தபோது, வெளுத்த வேட்டியோடு சேற்றில் விழுந்தவனைப் போல நின்றது வண்டி.

நிறம் கடைசி வேலை. இன்னொரு காரணமும் உண்டு: உங்கள் வண்டி பிறந்த அறுபதுகளின் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் சுரண்டி அந்தத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள். கிளட்ச் தகட்டிலும் பிரேக் பட்டையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அங்கே காற்றடித்து ஊதவே கூடாது.

உங்கள் அண்ணன் சொன்ன பொம்மைக்கு வருகிறேன். புல் வெட்டுவதற்கென்று மட்டும் செய்த வண்டியை அவர் அப்படிச் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். தோட்ட டிராக்டர் வேறு இனம். மண்ணுக்குள் ஒரு கருவியை இறக்கி இழுத்தால் தாங்கும் சட்டமும் கியர்பெட்டியும் உள்ளது. அதன் முன்னோர்களைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் 1912இல் தன் தந்தையின் பண்ணையில், நீராவி டிராக்டரிலிருந்து விசையெடுத்து, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். மண் பக்கவாட்டில் சிதறுவதைக் கண்டு கத்திகளை ‘எல்’ வடிவில் வளைத்தார். ரோட்டவேட்டர் அங்கிருந்து வந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பெஞ்சமின் கிரேவ்லி தொழிலால் புகைப்படக்காரர். கையால் தள்ளும் கலப்பையோடு ‘இந்தியன்’ மோட்டார் சைக்கிளின் பாகங்களைச் சேர்த்து ஓர் உழவு இயந்திரம் செய்து, 1916இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். (இந்தியன் என்பது ஓர் அமெரிக்க வண்டியின் பெயர். நாம் பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.)

இவர்கள் தங்கள் தேவைக்காகச் செய்தவர்கள். பண்ணை டிராக்டர் கம்பெனிகள் இந்தப் பக்கம் பெரிய அளவில் திரும்பியது பிறகுதான். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961இல் முதல் கப் கேடட்டை இறக்கியது, ஏழு குதிரைத்திறன் கோலர் இன்ஜினோடு. ஜான் டீரின் 110 வந்தது 1963இல். அந்த முதல் கப் கேடட்டில் இன்ஜினிலிருந்து கியர்பெட்டிக்கு விசை பெல்ட் வழியாகப் போனது. 1963இல் வந்த 70, 100 ஆகிய மாடல்களில் பெல்ட்டை எடுத்துவிட்டு, கிளட்ச்சும் நேரடித் தண்டும் வைத்தார்கள். பின்பக்கக் கியர்பெட்டி, ஃபார்மால் கப் என்ற பண்ணை டிராக்டரின் உறவு. பெரிய டிராக்டர் செய்து பழகிய கைகளுக்கு மெலிதாகச் செய்யத் தெரியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தத் தெரியாமையின் பலனை அனுபவிப்பது நம்மைப் போன்றவர்கள். 1981இல் அந்தக் கம்பெனி கப் கேடட் தொழிலை விற்றுவிட்டது. பிறகு வந்தவை எல்லாம் மட்டம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் கழற்றிப் பார்க்கும் இன்பத்துக்கு எனக்கு அறுபதுகளின் வண்டிதான் வேண்டும்.

இனி இன்ஜின். பிடித்துக்கொண்டது பிஸ்டன்தான் என்று முதலில் முடிவு கட்டாதீர்கள். உங்கள் வண்டியின் பக்கவாட்டில் பெல்ட்டில் ஓடும் உருளையான ஒரு பொருள் இருக்கும். ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் அதுவே. அதன் பேரிங் துருப்பிடித்து இறுகினாலும் ஃப்ளைவீல் அசையாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கிளட்ச்சை மிதித்தபடி மறுபடி திருகிப் பாருங்கள். பிஸ்டன்மேல் பழி போட்டு ஒரு வாரம் எண்ணெய் ஊற்றிய பிறகு குற்றவாளி வெளியே இருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

அப்போதும் அசையாவிட்டால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுங்கள். இது பக்கவால்வு இன்ஜின், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். ஹெட் என்பது போல்ட்டுகளால் இறுக்கிய ஒரு மூடி மட்டுமே, அதில் வால்வு எதுவும் கிடையாது. திறந்ததும் பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது, எந்த வால்வு திறந்திருக்கிறது என்று பாருங்கள். புகைக்குழாய் வழியாக மழைநீர் இறங்கி, திறந்திருந்த வால்வைத் தாண்டிச் சிலிண்டரில் தேங்கியிருக்கலாம். பிஸ்டனைச் சுற்றிப் பழுப்பு வளையமாகத் துரு தெரியும். சிலிண்டர் சுவரில் தெரியும் துருவை மெல்லத் துடைத்து எடுங்கள். துருவில் ஊடுருவும் எண்ணெயை ஊற்றுங்கள். பிறகு போய் வேறு வேலை பாருங்கள்.

இந்தக் காத்திருப்புதான் எல்லோருக்கும் முடியாமல் போகிறது. மூன்றாம் நாள் சுத்தியல் கைக்கு வந்துவிடும். தினமும் ஒருமுறை, பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்து இலேசாகத் தட்டி, ஃப்ளைவீலை இரு பக்கமும் மாற்றி மாற்றி ஆட்டுங்கள், அது போதும். பிஸ்டன் ஓட்டத்தின் உச்சியிலோ அடியிலோ நின்றால் தட்டுவதில் பயனில்லை. பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, கிராங்கோடு நேர்கோட்டில் நிற்கும்போது எவ்வளவு தட்டினாலும் சுழற்சி பிறக்காது. ஃப்ளைவீலின் காற்றிதழ்களில் கம்பியைக் கொடுத்து நெம்பவே வேண்டாம், அவை வார்ப்பு. உடைந்தால் சமநிலை போய்விடும். தலைமுடி அகலம் நகர்ந்துவிட்டால் வென்றுவிட்டீர்கள். அந்த நாளில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

விடுபட்ட உடனே கிளப்பிவிடாதீர்கள். பிஸ்டனை வெளியே எடுத்துச் சிலிண்டரை அளந்து பாருங்கள். தேய்ந்திருந்தால் லேத்காரரிடம் கொடுத்துப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம். 0.010, 0.020, 0.030 அங்குலம் என்று படிப்படியாகப் பெரிய அளவுகள் அந்த இன்ஜினுக்கு உண்டு. கிராங்க் தேய்ந்திருந்தால் 0.010 அங்குலம் சாணை பிடித்து, அந்த அளவுக்கான கனெக்டிங் ராடு மாட்டலாம். இன்ஜினைச் செய்தவர்களே மறுபிறவிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். நான் இந்த வண்டிகளிடம் மயங்கியது இந்த ஓர் இடத்தில்தான்.

கனெக்டிங் ராடு அலுமினியம். அதற்கும் கிராங்குக்கும் நடுவே தனிப் பேரிங் கிடையாது. எண்ணெய் பம்பும் கிடையாது. ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற நாக்கு ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயில் முங்கி வாரியிறைக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் குறைந்தாலோ, செங்குத்துச் சரிவில் வெகுநேரம் ஓட்டினாலோ நாக்கு எட்டாது. என் முதல் வண்டியின் இன்ஜினை இறக்க வேண்டி வந்ததும் இதனால்தான். எண்ணெய்க் குச்சியை ஒரு மாதம் பார்க்காமல் சரிவில் புல் வெட்டினேன். முதலில் ‘டக்’ என்று மெல்ல ஒரு சத்தம். ஏதோ கல் தெறிக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றில் கல் இல்லை என்று தெரிந்தது, ஆனால் இன்னும் ஒரே ஒரு வரிதானே என்று ஓட்டினேன். அந்த வரி முடியவில்லை. ராடு முறிந்து, இரும்புச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் கிளப்புமுன் எண்ணெய்க் குச்சியைப் பாருங்கள்.

மின்பொறி சுலபம். இந்த இன்ஜினில் பாயிண்ட், அதாவது மின்சாரத்தை வெட்டிப் பொறியைப் பிறப்பிக்கும் தொடர்புமுனை, ஃப்ளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்கவில்லை, பக்கவாட்டில் ஒரு சிறு மூடிக்குள் இருக்கிறது. இடைவெளி 0.020 அங்குலம், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் அரக்குபோல இறுகியிருக்கும், கரைத்துக் கழுவுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய் தாங்காது, புதிது போடுங்கள். சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அழுத்தமானியால் அளந்து, குறைவாக இருக்கிறதே என்று பதறாதீர்கள். கிளப்பும்போது சுலபமாகச் சுழல வேண்டும் என்பதற்காக அழுத்தத்தைக் கொஞ்சம் கசியவிடும் ஏற்பாடு கோலரின் ‘கே’ வரிசையில் பல இன்ஜின்களில், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டிலேயே இருக்கிறது. ஃப்ளைவீலைக் கையால் பின்னோக்கிச் சுழற்றுங்கள். அப்போது கை உதறித் தள்ளப்பட்டால் பிஸ்டன் ரிங்கும் வால்வும் நலம்.

துருவேறிய சிறு பாகங்களுக்கு உப்புத்தாளைவிட மின்பகுப்பு நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் நீர், அதில் சலவைச் சோடா, பேட்டரி சார்ஜர். எதிர்முனை உங்கள் பாகத்தில், நேர்முனை வேண்டாத இரும்புத் துண்டில். மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம்தான் கரையும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கக் கூடாது, நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில் செய்யுங்கள்.

காட்சிக்கா, வேலைக்கா என்ற கேள்விக்கு நான் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைக்கிறேன். ஆலை நிறத்தில், ஸ்டிக்கர் எழுத்துவரை அச்சு மாறாமல் மீட்டெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுமைமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் வண்டியில் ஏறச் சொன்னால் நான் செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று யோசிப்பேன். உங்கள் கடிதத்தில் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு கலப்பை தேடுங்கள். மண்ணைப் புரட்டிப் போடும் ஒற்றை இறக்கைக் கலப்பை, எட்டு அல்லது பத்து அங்குலம். பின்சக்கரங்களில் எடை மாட்டுங்கள், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே சுழலும். முதல் சாலில் நான்கு சக்கரமும் மேட்டில் ஓடும். இரண்டாம் சாலிலிருந்து வலச்சக்கரங்கள் சாலுக்குள் இறங்கி, வண்டி ஒருபக்கம் சாயும். முதல் சாலுக்குச் சரியாக வைத்த கலப்பை அப்போது கோணலாகிவிடும், நிறுத்தி மறுபடி நேராக்க வேண்டும். இதைத் தெரியாமல் கலப்பையைத் திட்டியபடி பாதி நிலத்தை நான் குதறியிருக்கிறேன். ஒன்று நினைவிருக்கட்டும்: இருக்கையிலிருந்து எழுந்தால் இன்ஜின் தானே நின்றுவிடும் ஏற்பாடு அந்தக் காலத்து வண்டியில் கிடையாது. இறங்குமுன் சாவியைத் திருப்புங்கள்.

மற்ற இரண்டு வண்டிகள்? அவற்றில் ஒன்று உங்களுடையதே போன்ற மாடல் என்றால், பாகங்களுக்காக வாங்கலாம். அதைப் பாகத்துக்கு என்று வாங்கி, பிறகு மனம் இளகி அதையும் ஓட்ட நினைப்பீர்கள். அது எல்லோருக்கும் வருகிற நோய். மூன்றாவதை, முதல் வண்டி ஒரு பருவம் முழுக்க உழுத பிறகு போய்ப் பாருங்கள். அதுவரை அது அங்கேயே இருக்கும். இந்த வண்டிகளுக்கு ஓடிப்போகும் பழக்கம் இல்லை.

பளபளப்பு வேண்டும் என்று உங்கள் கை அரித்தால், கலப்பையின் இறக்கையைத் தேயுங்கள். துருப்பிடித்த இறக்கையில் ஈரமண் ஒட்டிக்கொள்ளும். புரளாது, குவியும். கண்ணாடிபோல ஆன இறக்கையில் மண் நழுவி விழும். உழுது முடித்த அன்றே துடைத்து, கிரீஸ் பூசி, நிலத்தில் படாமல் ஒரு பலகைமேல் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்