ஜட்டியிலயே ஆய் போறான், கேட்டா தெரியலங்கறான்

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகனுக்கு 8 வயசு, தொடக்கநிலை 2 படிக்கிறான். முன்னாடி ஒழுங்கா டாய்லெட் போனவன், இப்ப ஆறு மாசமா வாரத்துல மூணு நாள் ஜட்டியில கொஞ்சம் கொஞ்சமா தண்ணியா போயிடறான். ஸ்கூல் டாய்லெட்டுக்கு போகவே மாட்டான். அழுக்கு ஜட்டிய அலமாரியில ஒளிச்சி வைக்கிறான். மாமியார் கொழுப்புங்கறாங்க. முந்தாநாள் நானே அடிச்சிட்டேன். இது மனநோயா?
- உட்லண்ட்ஸ் வாசகி, சிங்கப்பூர்

பதில்: தங்கச்சி, முதல்ல அடிக்கிறத நிறுத்துங்க. அவன் தெரியலன்னு சொல்றது பொய்யில்ல. ஸ்கூல்ல அடக்கி அடக்கி வச்சா மலம் குடல் கடைசியில கெட்டியாகி தங்கிடும், அந்த இடம் விரிஞ்சிபோயி உணர்ச்சியே மங்கிடும், மேல இருக்கிற தண்ணி மலம் அந்த கெட்டிய சுத்திக்கிட்டு கசியும். நாம பேதின்னு நினைச்சி பேதிய நிறுத்துற மருந்து குடுத்துடாதீங்க, இன்னும் கெட்டுடும். இப்படி வர்ற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மலச்சிக்கல்தான் காரணம்.

பக்கத்துல இருக்கிற பலதுறை மருந்தகத்துல காட்டுங்க, தேவைன்னா கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கு எழுதிக் குடுப்பாங்க. பொதுவா மேக்ரோகோல்ங்கற மலத்த இளக்குற பவுடர் குடுத்து முதல்ல தேங்கினத வெளியேத்துவாங்க, அப்புறம் பல மாசம் தொடரணும், ரெண்டு வாரத்துல நல்லாயிடுச்சின்னு நீங்களா நிறுத்தினா திரும்ப வந்துடும், இதுலதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. சாப்பிட்டதும் குடல் தானா அசையும், அப்ப 5-10 நிமிஷம் உட்கார வைங்க, காலுக்கு ஒரு முக்காலி போடுங்க. உட்கார்ந்ததுக்கு ஸ்டிக்கர் குடுங்க, ஜட்டி சுத்தமா இருந்ததுக்கு இல்ல, ஏன்னா கசியறது அவன் கையில இல்ல. வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ கால் பலவீனமா தெரிஞ்சாலோ உடனே தூக்கிட்டு ஓடுங்க.

மனநோயான்னு கேட்டீங்க. இது தன்னால மனநோய்னு அர்த்தமில்ல. ஆனா இந்த பிரச்சினை உள்ள 10 பிள்ளைங்கள்ல 3லேர்ந்து 5 பேருக்கு கூடவே மனசு சம்பந்தமா ஏதாவது இருக்குதுன்னு ஆய்வுங்க சொல்லுது, ஏடிஹெச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கிறது), எதுக்கெடுத்தாலும் எதிர்த்து நிக்கிறது, பயம், சோகம் இப்படி. துறுதுறுன்னு இருக்கிற பிள்ளைக்கு வயிறு குடுக்கிற சிக்னலே காதுல விழாது. இன்னொரு பக்கம், கூட படிக்கிறவங்க நாத்தம்னு ஒதுக்கினா நல்லா இருந்த பிள்ளையும் சுருங்கிடும். ஜட்டிய ஒளிக்கிறான்ல, அது வெக்கம், திமிர் இல்ல. தூங்குறானா, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா, ராத்திரி படுக்கைய நனைக்கிறானா, எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. குடல் வைத்தியம், மனசுக்கு உதவி ரெண்டும் சேர்ந்தே நடக்கணும்.

ஆறு மாசத்துக்கு முன்னாடி என்ன மாறுச்சின்னு யோசிங்க, ஸ்கூல் டாய்லெட்ல யாராவது மிரட்டினாங்களா, யாராவது தப்பா தொட்டாங்களான்னு கோபப்படாம கேளுங்க. கிளாஸ் டீச்சர்கிட்டயும் பள்ளி ஆலோசகர்கிட்டயும் பேசி, கை தூக்காமலே டாய்லெட் போக அனுமதி வாங்குங்க, பையில ஒரு மாத்து ஜட்டியும் ஈர டிஷ்யூவும் வச்சி அனுப்புங்க. மாமியாரையும் ஒருதடவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, நீங்க சொல்றத விட டாக்டர் வாயால கேட்டா நம்புவாங்க.