ரேடார் வண்டியைத் தென்னந்தோப்புக்குள் வைக்க வேண்டாம்

வணக்கம் தம்பி. மன்னார்குடிப் பக்கத்து வயல்வெளியை வைத்துக் கண்காட்சி மாதிரி செய்கிறீர்கள். 'ஏவுகணை வண்டி இருக்கும்போது ரேடார் வண்டி தனியாக எதற்கு?' என்று ஆசிரியர் கேட்டதற்குப் பதில் வேண்டும் என்கிறீர்கள்.

நீங்கள் எடுத்துக்கொண்ட ஸ்ட்ரெலா-10, தாழப் பறக்கும் விமானங்களைச் சுடும் சோவியத் ஏவுகணை வண்டி. அதில் சுற்றிலும் தேடும் ரேடார் கிடையாது. அதன் ஏவுகணை எட்டும் தூரம் சுமார் 5 கிலோமீட்டர். நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வரும் விமானம் அதை 20 நொடியில் கடந்துவிடும். எந்தத் திசை என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். ரேடார் உள்ள கட்டளை வண்டி முன்கூட்டியே பார்த்து, எந்த வண்டி எந்த இலக்கைச் சுட வேண்டும் என்று வானொலியில் பிரித்துக் கொடுக்கிறது. இல்லையென்றால் ஒரே இலக்கை இரண்டு பேர் சுடுவார்கள், இன்னொன்று தப்பிவிடும். சோவியத்தின் 9எஸ்80 ரேடார் வண்டி இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது.

அப்புறம், மறைப்புக்காக ரேடார் வண்டியைத் தென்னந்தோப்பில் வைத்திருக்கிறீர்களே, அதை அவசியம் மாற்றுங்கள். பூமியின் வளைவால் ரேடாருக்கு ஓர் எல்லை உண்டு. ஆன்டெனா உயரம், இலக்கின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். ஆன்டெனா 4 மீட்டர், விமானம் 25 மீட்டர் என்றால் சுமார் 29 கிலோமீட்டர். இது திறந்த வெளிக் கணக்கு. டெல்டாவின் தட்டைநிலம் இதற்கு அருமையான இடம்தான், ஆனால் ஆன்டெனாவை விட உயரமான தென்னை வரிசை எதிரே நின்றால் தாழப் பறப்பது மறைந்துவிடும். ஆற்றங்கரை மேட்டில் வைத்தால் 4 மீட்டர் கூடும்; சுமார் 3 கிலோமீட்டர் லாபம்.

சக்கரத்துக்குப் பதில் சங்கிலித்தடம் போடுங்கள். 9எஸ்80 அப்படித்தான், சம்பா வயல் சேற்றுக்கும் அதுதான் சரி.